ஓட்டுநர் இருக்கையும் பின் இருக்கையும்

சென்னையிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில், மாநில எல்லையைக் கடந்து சுருட்டப்பள்ளிக்கு அப்பால் வருவது நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாளின் பெயரால் அமைத்த ஊர் என்பது மரபு. வேதநாராயணப் பெருமாளைச் சேவிக்க வருவோரும், திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களும், கரும்பேற்றிய டிராக்டர்களும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும் ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் அவ்வூரில் வசிக்கும் என் தமக்கையின் குடும்பம், சென்ற ஆண்டு தன் முதல் காரை வாங்கியது.

எந்தக் கார் என்பது ஒரு வாரத்தில் முடிவாகிவிட்டது. அதில் எந்த வகை என்பதற்குத்தான் ஒரு மாதம் ஆயிற்று. அந்தக் காரை நிறுவனம் இரண்டு விதமாக விற்றது. உடலமைப்பு ஒன்றே. இரண்டாவது வகையில் வில்கள் சற்று விறைப்பானவை. ஸ்டீயரிங் சற்றுக் கனமானது. புகைக்குழாயின் ஒலியும் வேறு. விலை ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் கூடுதல். ஸ்ரீசிட்டியில் பணிபுரியும் என் மருமகனுக்கு இரண்டாவது வகைமீதே கண். என் தமக்கைக்கோ முதுகெலும்பில் பழைய வலி. கடன் தந்தையின் பெயரில். தவணை மகனின் சம்பளத்திலிருந்து. பயணமோ பெரும்பாலும் தாய்க்காக, திருப்பதி மருத்துவமனைக்கு. இதில் யார் சொல்வதைக் கேட்பது?

ஒரே காரை ஒரு நிறுவனம் ஏன் இரண்டு விதமாகச் செய்கிறது என்பதை அறிந்துகொண்டால், அக்குடும்பத்தின் கேள்விக்கு விடை காண்பது எளிதாகும். கார் வாங்க எண்ணும் வாசகர்கள் பலரும் இன்று இதே கேள்வியோடுதான் காட்சியறைக்குள் நுழைகின்றனர்.

வில் சொல்லும் கணக்கு

காரின் உடல் நான்கு வில்களின்மேல் அமர்ந்திருக்கிறது. மேடு ஒன்றில் ஏறி இறங்கியதும் அது மேலும் கீழுமாக ஊசலாட முற்படும். பயண சுகத்துக்கென அமைந்த கார்களில் இந்த ஊசல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை நிகழும். ஓட்டும் இன்பத்தை முன்னிறுத்திய கார்களில் ஒன்றரை முதல் இரண்டு முறை. பந்தயக் கார்களில் இன்னும் மிகுதி. வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் ஊசலை இரு மடங்காக்க வில்லின் விறைப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இயற்பியல் விதி. நொடிக்கு 1.2 முறை என்பதை 1.5 ஆக உயர்த்துவதற்கே வில் 56 விழுக்காடு விறைப்பாக வேண்டும்.

மனித உடலும் இக்கணக்கில் ஒரு பங்காளி. அமர்ந்திருப்பவரை மிகுதியாக வருத்துவது நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரையிலான மேல்கீழ் அதிர்வு. வயிறும் முதுகும் அதற்கே அதிகம் இசைந்து அதிர்கின்றன. விறைப்பான வில்லும் அதற்கேற்ற விறைப்பான ஷாக் அப்சார்பரும் சாலையின் சிறு சிறு மேடுபள்ளங்களிலிருந்து இத்தகைய அதிர்வுகளைத்தான் இருக்கைவரை கொண்டுவருகின்றன. அப்படியானால் வில்லை மிக மென்மையாக்கிவிட்டால் போதுமே எனலாம். அங்கும் ஓர் எல்லை உண்டு. அரை நொடிக்கும் குறைவான ஊசல் அன்று, நொடிக்கு அரை முறைக்கும் குறைவான மெல்லிய அசைவே குமட்டலைத் தருவது. படகில் செல்வோர் அறிந்த அனுபவம் அது. வளைவுகளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும் காரில், திருமலைப் பாதையில் ஏறும் குழந்தைகள் வாந்தியெடுப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகவே 'மென்மை சுகம், விறைப்பு துன்பம்' என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. நேர்ச்சாலையில் பின் இருக்கைக்குச் சுகமானது, மலைப்பாதையில் அதே இருக்கைக்குத் துன்பமாகலாம்.

நம் நாட்டுக் கார்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஐரோப்பிய நகரங்களில் ஒருவரோ இருவரோ செல்லும் அதே அளவுள்ள காரில், இங்கே ஐவரும் மூட்டைகளும் ஏறுவது இயல்பு. ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் ஐவர் ஏறினால் ஏறத்தாழ 350 கிலோ கூடுகிறது. அதில் பெரும்பகுதி பின்சக்கரங்களின்மேல் விழுகிறது. அப்போதும் வேகத்தடையில் வயிறு இடிக்காதிருக்கப் பின் வில்களைச் சற்று விறைப்பாகவே அமைக்கின்றனர். ஒருவர் மட்டும் ஓட்டிச் செல்லும்போது பின்பகுதி குதிப்பதும், குடும்பமே ஏறியதும் கார் அமைதியாக அடங்கிச் செல்வதும் இதனால்தான்.

வேகத்தடை என்றேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த நெறிப்படி, வளைந்த மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும்; அதை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். கிராமச் சாலைகளில் நாம் காண்பவை அந்நூலைப் படித்தவர்கள் அமைத்தவையாகத் தெரியவில்லை. அரை மீட்டர் அகலத்துக்குள் எழுந்து நிற்கும் அம்மேடுகளுக்காகவே காரின் தரையிடைவெளியை உயர்த்த வேண்டியிருக்கிறது. தரையிடைவெளி உயர்ந்தால் காரின் எடைமையமும் உயர்கிறது. வளைவில் சாய்வும் மிகுகிறது. ஓட்டுதலை விரும்புவோர் கேட்பது இதற்கு நேர் எதிரானது.

டயரிலும் இதே இழுபறிதான். டயரின் பக்கத்தில் 185/65 என்றிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது 120 மில்லிமீட்டர். 195/55 என்றிருந்தால் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர்தான். காற்றடைத்த அந்தப் பதின்மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு ஸ்டீயரிங்கின் சொல்லுக்குக் காரை உடனே திரும்பச் செய்கிறது. பள்ளத்தில் விழுந்தால் சக்கர வளையம் வளையும் வாய்ப்பையும் கூட்டுகிறது.

ஸ்டீயரிங்கைப் பற்றி ஒன்று. முன்பு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய துணைவிசை, இன்று பெரும்பாலும் மின்மோட்டாரால் இயங்குகிறது. எண்ணெய்ப் பம்பைப் போல எப்போதும் எஞ்சினின் ஆற்றலை உண்ணாமல், திருப்பும்போது மட்டும் மோட்டார் உழைப்பதால் எரிபொருள் மிச்சமாகிறது. நகர நெரிசலில் ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் சாலையின் தன்மையை உள்ளங்கைக்குச் சொல்லிவந்த அந்த மெல்லிய நடுக்கம் பல கார்களில் மறைந்துவிட்டது. ஆர்வலர்களின் குறைகளில் இதுவே நியாயமானது என்பது என் எண்ணம். மற்றவை பலவும் ஒலியைப் பற்றிய குறைகள்.

இருங்காட்டுக்கோட்டையின் இரண்டு வாயில்கள்

நாகலாபுரத்திலிருந்து சென்னைக்கு வரும் வழியில், செங்குன்றத்தை நெருங்கும்போது சோழவரம் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைக் காணப் பல்லாயிரவர் அங்கே கூடிய காலம் ஒன்றிருந்தது. பின்னர் அக்கிளப் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடம் அமைத்தது. அதன் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். அதே இருங்காட்டுக்கோட்டையில், 1998-இல், ஹூண்டாய் தன் ஆலையிலிருந்து சான்ட்ரோவை வெளியிட்டது.

ஒரே ஊரில் பந்தயத்தடமும் மக்கள் காரின் ஆலையும் அமைந்தது தற்செயல்தான். எனினும் நம் கேள்வியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. சான்ட்ரோவின் சிறப்பு அதன் உயரமான கூரை. முதியவர்களும் புடவை கட்டிய பெண்களும் அதிகம் குனியாமல் ஏறி அமரலாம். பந்தயத்தடத்துக்கு ஏற்ற உருவம் அதற்கு இல்லை. விற்பனைக்கு அது தடையாகவும் இல்லை.

மறுவருடம் சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு இகான் வந்தது. ஃபியஸ்டா என்னும் ஐரோப்பியக் காரின் அடித்தளத்தில் இந்தியாவுக்கென உருவாக்கிய கார். 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட வகை, ஓட்டுவதை விரும்பிய ஒரு தலைமுறைக்கு முதற்காதலாயிற்று. அதன் பின் வந்த ஃபியஸ்டா, ஃபிகோ ஆகியவற்றையும் வளைவுகளில் உறுதியாக நிற்பவை என்று ஓட்டியவர்கள் போற்றினர். 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. முந்தைய பத்தாண்டுகளில் இயக்க இழப்பு 200 கோடி டாலருக்கும் மேல் என்றது அறிக்கை. காரணங்கள் பல, வில்லின் விறைப்பு அவற்றுள் ஒன்று என்று எவரும் சொல்ல மாட்டார். ஆனால் ஆர்வலர்களின் புகழ்ச்சி ஓர் ஆலையைக் காக்கப் போதுமானதன்று என்பது அன்று தெரிந்தது.

அதே மாதத்தில்தான் ஹூண்டாய் ஐ20 என்-லைன் வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய எண்ணிக்கையில் விற்கும் குடும்பக் காரையே எடுத்து, வில்களையும் அதிர்வுதாங்கிகளையும் சற்று விறைப்பாக்கி, ஸ்டீயரிங்கின் கனத்தைக் கூட்டி, பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் அமைத்து, 120 குதிரைத்திறன் கொண்ட 1.0 லிட்டர் டர்போ எஞ்சினோடு விற்றனர். ஐரோப்பாவில் அப்போது இதே காரின் 1.6 லிட்டர், 200 குதிரைத்திறனைத் தாண்டிய 'என்' வகை விற்பனையில் இருந்தது. அது இங்கு வரவில்லை. வேட்டி வேறு, வேட்டிக்கரை வேறு என்று ஆர்வலர்கள் சிலர் முணுமுணுத்தனர்.

இதில் ஒரு சிறு நிகழ்வு சுவையானது. முதலில் வந்த என்-லைனில் கியரைக் கையால் மாற்றலாம். ஆனால் கிளட்ச் மிதி கிடையாது, அவ்வேலையைக் கருவியே பார்த்துக்கொண்டது. நெரிசலில் கால் நோகாது என்பது நிறுவனத்தின் எண்ணம். இத்தகைய காரைத் தேடி வருபவரோ அந்தக் காலின் வேலையை விரும்பியே வருபவர். 2023-இல் காரைப் புதுப்பித்தபோது அம்முறை நீங்கி, வழக்கமான கிளட்ச் மிதியுடன் ஆறு கியர்ப் பெட்டி வந்தது. மக்கள் வசதிக்கெனச் செய்த ஒன்றை, அது வேண்டாதவர்க்குக் கொடுத்ததைத் திருத்திக்கொண்டனர்.

நான்கு மீட்டர் கயிறு

ஆர்வலர் கேட்கும் பெரிய எஞ்சினைச் சிறிய காரில் ஏன் வைப்பதில்லை? இதற்கு விடை பொறியியலில் இல்லை. வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கிறது. 2006-இல் நடுவண் அரசு சிறிய கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தது. நீளம் நான்கு மீட்டருக்கு மிகாமை, பெட்ரோல் எஞ்சின் 1,200 கன சென்டிமீட்டருக்கு மிகாமை என்பன சலுகைக்கான அளவுகோல்கள், டீசலுக்கு 1,500. பின்னர் வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும் இந்தக் கோடு நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருக்கும் கார்களுக்கு 18 விழுக்காடு, வெளியே இருப்பவற்றுக்கு 40 விழுக்காடு. சிறிய காரில் 1.6 லிட்டர் எஞ்சினை வைத்த நிறுவனங்கள் அதற்கான விலையைக் கேட்டுப் பார்த்துக் கைவிட்டன. சிறிய எஞ்சினில் டர்போவைப் பொருத்தி ஆற்றலைக் கூட்டும் வழி பின்னரே வந்தது.

கரிவரதன் என்னும் கோவைக்காரர் இக்கயிற்றை வேறு விதமாகப் பயன்படுத்தினார் எனலாம். நாட்டில் மலிவாகக் கிடைத்த மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே அவர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவற்றில் பழகிய இளைஞர்கள் பலர். கோவையின் பந்தயத்தடம் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஆர்வலர்களை மக்கள் காரே வளர்த்த கதை இது.

எண்ணிக்கையைப் பற்றிய நிறுவனங்களின் கணிப்பு எப்போதும் சரியாக அமைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970களில் ஃபோக்ஸ்வேகன் பொறியாளர் சிலர் தம் ஆர்வத்தால் தொடங்கிய கோல்ஃப் ஜிடிஐ, 5,000 கார்கள் விற்றால் போதும் என்ற கணக்கில் 1976-இல் வெளிவந்தது. முதல் தலைமுறை மட்டுமே 4,60,000-க்கும் மேல் விற்றது. வார நாளில் அலுவலகம், ஞாயிறன்று மலைப்பாதை என ஒரே கார் இரண்டுக்கும் உதவியதே அதன் வெற்றி.

எதிர்த் திசையில் வந்தவர்கள்

குடும்பக் காரை ஆர்வலர் பக்கம் நகர்த்துவது ஒரு வழி. ஆர்வலரின் வண்டியைக் குடும்பத்தின் பக்கம் நகர்த்துவது மற்றொன்று. மஹிந்திராவின் தார் இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு. 2010-இல் வந்த முதல் தாரின் பின்பகுதி, லாரிகளைப்போல் பட்டை வில்களின்மேல் நின்றது. காட்டுப்பாதைக்கு ஏற்றது, பின்னால் அமர்ந்தவரின் எலும்புகளை எண்ணிக் காட்டும். 2020-இல் வந்த புதிய தாரில் பின்புறமும் சுருள்வில்கள். தானியங்கி கியரும் உறுதியான கூரையும் கிடைத்தன. 2024-இல் ஐந்து கதவுகளுடன் தார் ராக்ஸ் வந்தது. முன்பதிவு தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். பழைய தாரின் அன்பர்களுக்கு இதில் வருத்தமுண்டு. ஆனால் அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி, பழைய தாரை ஒருநாளும் வாங்கியிராத குடும்பங்களாகவே இருக்க வேண்டும்.

அதே நிறுவனம் செங்கல்பட்டை அடுத்த தன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய எக்ஸ்யூவி700 வேறொரு உபாயத்தைக் கையாள்கிறது. அதன் அதிர்வுதாங்கியில் எண்ணெய் செல்ல ஒரு பக்கவழி உண்டு. சாலையின் சிறிய, விரைவான அதிர்வுகளின்போது அது திறந்திருந்து மென்மை தருகிறது. வளைவில் கார் மெதுவாகச் சாயும்போது மூடிக்கொண்டு விறைப்பாகிறது. கணினியோ மின்சாரமோ தேவையில்லை. இரண்டு இருக்கைகளுக்கும் ஒரே சமயத்தில் விடைசொல்லும் முயற்சிகளுள் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் மருமகன் வேலைக்குச் செல்லும் ஸ்ரீசிட்டியிலேயே இன்னொரு விந்தையும் உண்டு. 2016-இல் அங்கே ஆலை திறந்த இசுசு, சரக்கேற்றும் பிக்-அப் ஒன்றை ஐந்து இருக்கைகளுடன் வி-கிராஸ் என்று தனிநபர்களுக்கு விற்றது. பின்புறம் பட்டை வில்கள்; சுமையில்லாதபோது குதிக்கும். விரும்பி வாங்கியவர்களுக்கு அக்குதிப்பு ஒரு குறையாகவே தோன்றவில்லை. சிலருக்குப் பின் இருக்கை என்பதே ஒரு பொருட்டன்று. அவர்கள் அதை அறிந்தே வாங்குகின்றனர்.

கையெழுத்துக்கு முன்

மீண்டும் நாகலாபுரத்துக்கு வருவோம். ஒரு லட்சம் ரூபாய் வேறுபாடு என்பது கடனில் எவ்வளவு? ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி என வைத்துக்கொண்டால், ஏழாண்டுக் கடனில் மாதம் ஏறத்தாழ 1,609 ரூபாய்; மொத்தம் 1,35,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஐந்தாண்டில் முடித்தால் மாதம் 2,076 ரூபாய். மொத்தம் சுமார் 1,24,500. காட்சியறையில் 'மாதம் ஆயிரத்து அறுநூறுதானே' என்று சொல்லும்போது மீதி முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கண்ணில் படுவதில்லை. தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட டயர்களை மாற்றும் செலவையும் அதனுடன் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

"சாதாரண வகையை வாங்கிவிட்டுப் பிறகு வில்லை மாற்றிக்கொள்கிறேன், மாமா" என்றான் மருமகன். பலர் அப்படித்தான் எண்ணுகின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. எல்லா மாற்றமும் இதில் அடங்காது என்றாலும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் இழப்பீட்டு நேரத்தில் தகராறாக எழும். கடன் தீரும்வரை அந்தக் கார் வங்கிக்கும் ஈடு என்பதை அவனுக்கு நினைவூட்டினேன்.

சோதனை ஓட்டத்தில்தான் அவர்கள் முதலில் தவறினர். திருப்பதியில் காட்சியறையிலிருந்து புறப்பட்டு, வழவழப்பான நான்குவழிச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டித் திரும்பினர். மகன் ஓட்டினான், தந்தை அருகில் அமர்ந்தார், பின் இருக்கை காலி. அச்சாலையில் இரண்டு வகைகளும் ஒன்றுபோலவே சென்றன. இரண்டாம் முறை, எங்கள் வேண்டுகோளுக்கிணங்க, இரண்டு கார்களையும் ஊருக்கே கொண்டுவந்தனர். இம்முறை ஐவர் ஏறினோம். தமக்கை பின் இருக்கையில் இடப்பக்கம் அமர்ந்தார். பிச்சாட்டூர்ச் சாலையில் மூன்று வேகத்தடைகளும் ஒரு பாலத்தின் இணைப்பும் கடந்ததும் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையால் முன் இருக்கையைப் பற்றிக்கொண்டார். மருமகன் கண்ணாடியில் அதைப் பார்த்தான்.

சாதாரண வகையையே வாங்கினார்கள். கிளட்ச் மிதியுள்ள கியர் அவன் விருப்பப்படி. மிச்சமான பணத்தை முன்பணத்தோடு சேர்த்து ஐந்தாண்டுக் கடனாக்கினர்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சிறு ஒட்டுத்தாளில், குறைந்த சுமைக்கும் முழுச் சுமைக்கும் உரிய டயர்க் காற்றழுத்தம் தனித்தனியே அச்சாகியிருந்தது. மருமகன் இப்போது தன் ஞாயிற்றுக்கிழமைகளை அந்த இரண்டு எண்களோடு கழிக்கிறான். காலையில் தனியே காளத்தி வரை ஓட்டிச் செல்ல ஒன்று. மாலையில் அனைவரையும் ஏற்றிச் செல்ல மற்றொன்று. சென்ற மாதம் அவன் ஆர்வ மிகுதியால் குறித்த அளவுக்குமேல் இரண்டு புள்ளி ஏற்றி, ஸ்டீயரிங் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தான். நாகலாபுரத்தின் முதல் வேகத்தடையிலேயே, "காற்றைக் கூட வைத்தாயா, கண்ணா?" என்று பின் இருக்கையிலிருந்து கேட்டார் என் தமக்கை.